டோஸ் வரிசைக்கு க்ரஸ்கல்-வாலிஸ் போதாது

நாலு டோஸ் (0, 5, 10, 20 மி.கி.), குழுவுக்கு 8 எலி, அளந்த மதிப்பின் இடைநிலை (மீடியன்) டோஸோடு படிப்படியாக ஏறுகிறது, ஆனாலும் பல குழுக்களை ஒப்பிடும் க்ரஸ்கல்-வாலிஸ் சோதனையில் பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.09 என்கிறீர்கள். இதற்கு உரிய சோதனை ஜோன்கீர்-டெர்ப்ஸ்ட்ரா.

க்ரஸ்கல்-வாலிஸுக்கு வரிசையே தெரியாது. குழுக்களின் பெயர்களை மாற்றிப் போட்டாலும் அதே பி மதிப்புதான் வரும். "ஏதோ ஒரு குழு வேறுபடுகிறதா" என்று எல்லாத் திசையிலும் தேடுவதால், ஒரே திசையில் ஏறும் போக்கைப் பிடிக்கும் திறன் அதற்குக் குறைவு. ஜோன்கீர் குறைந்த டோஸ் எலி ஒவ்வொன்றையும் கூடிய டோஸ் எலி ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, எத்தனை ஜோடியில் மதிப்பு ஏறியது என்று எண்ணுகிறது. உங்களிடம் 6 குழு ஜோடி, ஒவ்வொன்றிலும் 64 ஒப்பீடு, மொத்தம் 384. மருந்துக்கு விளைவே இல்லையென்றால் சராசரியாக 192 வரும். அதைவிட எவ்வளவு விலகுகிறது என்பதே கேள்வி.

ஓட்டும் முன் ஒன்றைப் பாருங்கள். டோஸ் எழுத்தாகப் பதிவாகியிருந்தால் 'ஆர்' புள்ளியியல் மென்பொருள் அதை 0, 10, 20, 5 என்று அடுக்கிவிடும். வரிசையை நீங்களே கொடுங்கள், இல்லாவிட்டால் டோஸை எண்ணாக மாற்றுங்கள். அப்புறம், சம மதிப்புகள் நிறைய இருந்தால் பெர்முடேஷன் முறையில் (குழுப் பெயர்களைப் பலமுறை கலைத்துப் போட்டு ஒப்பிடுவது) பி மதிப்பை எடுப்பது நல்லது.

"ஏறும்" என்ற ஒருபக்கக் கருதுகோள் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியதாக இருக்க வேண்டும். வரைபடம் பார்த்த பிறகு தோன்றியது என்றால் தயவுசெய்து ஏற்றம், இறக்கம் இரண்டையும் பார்க்கும் இருபக்கச் சோதனையே போடுங்கள், க்ரஸ்கல்-வாலிஸ் முடிவையும் மறைக்காமல் சேர்த்து எழுதுங்கள். 20 மி.கி.யில் அளந்த மதிப்பு மறுபடி இறங்கினால் ஜோன்கீர் அதைத் தவறவிடலாம். ஏறி இறங்கும் அந்தப் போக்குக்கு மேக்-வுல்ஃப் சோதனை இருக்கிறது.