சர்வரில் ஃபைல் பெர்மிஷனுக்கு சிஎச்மாட் போதுமா, செட்எஃப்ஏசிஎல் பழக வேண்டுமா?

நீங்கள் சொன்ன நிலைமை இது: உபுண்டு சர்வர், ஒரே புராஜெக்ட் ஃபோல்டர், அதில் எழுத மூன்று டெவலப்பர்கள், படிக்க மட்டும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். பெர்மிஷன் டினைடு வரும்போதெல்லாம் சிஎச்மாட்டில் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், போட்டுச் சமாளிக்கிறீர்கள். சிஎச்மாட் என்பது ஓனர், குரூப், மற்றவர்கள் என்ற மூன்று தரப்புக்கு உரிமை கொடுக்கும் கமாண்ட். செட்எஃப்ஏசிஎல் என்பது அதற்கு மேல் தனித்தனி யூசருக்கும் குரூப்புக்கும் உரிமைப் பட்டியல் (ஏசிஎல்) எழுதும் கமாண்ட்.

முதலில் அந்த 777-ஐ விட்டுவிடுங்கள். சில வருஷம் முன்னால் ஒரு அப்லோட் ஃபோல்டருக்காக என் ஹோம் டைரக்டரி முழுக்க சிஎச்மாட் -ஆர் 777 அடித்தேன். மறுநாள், தொலைவிலிருந்து உள்ளே நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் கீயை சர்வர் ஏற்கவே இல்லை. கீயில் கோளாறு எதுவும் கிடையாது. ஹோம் டைரக்டரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தால், கீ ஃபைலை யாரும் மாற்றியிருக்கலாம் என்று எஸ்எஸ்ஹெச் சர்வர் அதை ஒதுக்கிவிடும். வெப் கன்சோல் வழியாக நுழைந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஒரு ராத்திரி போனது.

எதையும் மாற்றுவதற்கு முன் பார்க்கப் பழகுங்கள். அதற்கு நான் முதலில் எடுப்பது நேம்ஐ -எல் என்ற கமாண்ட். முழுப் பாதையைக் கொடுத்தால், ரூட்டிலிருந்து கடைசி ஃபைல் வரை ஒவ்வொரு படிக்கும் ஓனர், குரூப், பெர்மிஷன் மூன்றையும் வரிவரியாகக் காட்டும். ஃபைல் 644 ஆக (எல்லோரும் படிக்கலாம்) இருந்தும் என்ஜின்எக்ஸ் 403 (அனுமதி இல்லை) கொடுத்தால், பெரும்பாலும் மேலே ஏதோ ஒரு டைரக்டரியில் எக்ஸ், அதாவது உள்ளே நுழையும் உரிமை, இருக்காது. உபுண்டு 21.04 முதல் புதிய யூசர்களின் ஹோம் டைரக்டரி 750, அதாவது மற்றவர்கள் உள்ளே நுழைய முடியாது. புரோகிராம் கோடை அங்கே வைத்தவர்களில் பலர் இதில்தான் மாட்டினார்கள்.

மூன்று டெவலப்பர்கள் மட்டும் என்றால் சிஎச்மாட்டே தாராளம். ஒரு குரூப் உண்டாக்கி, ஃபோல்டரை அந்தக் குரூப்புக்குக் கொடுத்து, 2770 (ஓனருக்கும் குரூப்புக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை) போடுங்கள். முன்னால் நிற்கும் 2 இருப்பதால் உள்ளே உருவாகும் ஃபைல் எல்லாம் அதே குரூப்பில் சேரும். ஏற்கனவே இருக்கும் ஃபைல்களுக்கு -ஆர் போடும்போது எண்ணால் போடாதீர்கள். ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் ஒரே எண் விழுந்துவிடும். எழுத்தால், கேப்பிடல் எக்ஸ் வைத்துப் போட்டால், ஃபோல்டர்களுக்கும் ஏற்கனவே எக்ஸ் உள்ள ஃபைல்களுக்கும் மட்டும் அது சேரும்.

உங்களுக்கு நான்காவதாக என்ஜின்எக்ஸ் இருக்கிறது. படிக்கலாம், எழுதக் கூடாது. பாஸ்வேர்ட் உள்ள கான்ஃபிக் ஃபைலை மற்ற யாருக்கும் திறந்துவைக்கவும் முடியாது. ஓனர், ஒரு குரூப், மற்றவர்கள் என்ற மூன்று கட்டத்துக்குள் இது அடங்காது. ஆகவே உங்கள் கேஸில் செட்எஃப்ஏசிஎல் வேண்டும் என்பதே என் பதில். அந்தக் கமாண்ட் சர்வரில் இல்லையென்றால் ஏசிஎல் பேக்கேஜை ஆப்ட்டில் போட்டுக்கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ் ஓடும் யூசருக்குப் படிக்கும் உரிமையும், குரூப்புக்கு எழுதும் உரிமையும் ஒரு முறை நேரடியாக, இன்னொரு முறை -டி சேர்த்து, இனி உருவாகும் ஃபைல்களுக்கான டீஃபால்ட்டாகக் கொடுங்கள். டீஃபால்ட் ஏசிஎல் உள்ள ஃபோல்டரில் யுமாஸ்க் (புதிய ஃபைலில் எந்த உரிமையைக் குறைப்பது என்ற அமைப்பு) கணக்கில் வராது. "அவர் போட்ட ஃபைலில் என்னால் எழுத முடியவில்லை" என்ற தினசரிச் சண்டை இதிலேயே முடியும்.

ஒரு கண்ணி உண்டு. ஏசிஎல் உள்ள ஃபைலில் சிஎச்மாட் அடித்தால் நடு எண் குரூப்பை மாற்றாது, மாஸ்க்கை, அதாவது பட்டியலில் உள்ள யூசர், குரூப் உரிமைகளின் உச்ச வரம்பை, மாற்றும். டெப்ளாய் ஸ்கிரிப்ட் எங்காவது 600 போட்டால் மாஸ்க் காலியாகும். நீங்கள் கொடுத்த உரிமை பட்டியலில் அப்படியே தெரியும், ஆனால் செல்லாது. ஏசிஎல்லைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கமாண்ட் அந்த வரிக்குப் பக்கத்தில் எஃபெக்டிவ் என்று உண்மை நிலையைக் காட்டும். எல்எஸ் -எல் வரியில் பெர்மிஷனுக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி தெரிந்தால், சிஎச்மாட்டில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள். ஃபைல்களை நகலெடுக்க ஆர்சிங்க்கில் ஸ்மால் -ஏ மட்டும் போட்டால் ஏசிஎல் கூட வராது. கேப்பிடல் ஏ-யும் சேர்க்க வேண்டும்.

இன்றைக்கே இதைச் செய்யுங்கள்: புராஜெக்ட் ஃபோல்டருக்கு ஒரு படி மேலே நின்று, அதன் பெயரைக் கொடுத்து கெட்எஃப்ஏசிஎல் -ஆர் ஓடவிட்டு, வருவதை ஒரு ஃபைலில் சேமியுங்கள். ஏதாவது தவறினால் அதே இடத்தில் நின்று, ரூட்டாக, செட்எஃப்ஏசிஎல்லுக்கு ரீஸ்டோர் ஆப்ஷனில் அந்த ஃபைலைக் கொடுத்தால் ஓனர், குரூப், பெர்மிஷன் எல்லாம் பழையபடி வந்துவிடும்.