வேகஸ் நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் இதயச் செல்களில் ஒட்டும் இடங்கள்தான் மஸ்கரினிக் ஏற்பிகள். இவை இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் என்று படிக்கிறோம். தசை சுருங்கும் விசையையும் குறைக்குமா?

குறைக்கும். ஆனால் மேலறையில் ஒரு விதமாக, கீழறையில் வேறு விதமாக. "வேகஸ் நரம்பு கீழறையின் விசையைத் தொடாது" என்றுதான் நானும் படித்தேன். மருந்தியல் ஆய்வகத்தில் தசைத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அது பாதி உண்மை என்று தெரிந்தது.

முதலில் மேலறை. கினியா பன்றியின் மேலறைத் துண்டை, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் நிறுத்தி, ஒரு நூலால் விசைமானியோடு இணைப்போம். மின்தூண்டல் கொடுத்து ஒரே வேகத்தில் துடிக்க வைப்போம். இது முக்கியம். வேகம் மாறினாலே விசையும் மாறிவிடும், பிறகு எது எதனால் என்று பிரிக்க முடியாது. இப்போது கொஞ்சம் அசிட்டைல்கோலின் விட்டால் வரைகோட்டின் உயரம் சில நொடிகளில் சரிகிறது. அந்த ஏற்பிகளை அடைக்கும் அட்ரோபின் விட்டதும் மறுபடி ஏறுகிறது.

காரணம், அங்குள்ள எம்2 வகை ஏற்பிகள். இவை ஜிஐ என்ற புரதத்தோடு இணைந்தவை. அசிட்டைல்கோலின் ஒட்டியதும் அந்தப் புரதம் இரண்டாகப் பிரிகிறது. அதன் பீட்டா-காமா பகுதி பொட்டாசியம் வாயில்களைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற, ஒவ்வொரு துடிப்பின் மின்னழுத்த அலையும் சீக்கிரமே முடிந்துபோகிறது. கால்சியம் உள்ளே வரக் கிடைக்கும் நேரம் குறைகிறது. கால்சியம் குறைந்தால் விசையும் குறையும்.

கீழறைத் துண்டில் இதே அசிட்டைல்கோலினை விட்டால் கோடு பெரிதாக அசையாது. பலர் இத்தோடு கருவியைக் கழுவி வைத்துவிடுவார்கள். தயவுசெய்து இன்னும் ஒரு படி போங்கள். முதலில் ஐசோபிரினலின் (அட்ரினலினைப் போல இதயத்தைத் தூண்டும் மருந்து) விடுங்கள். விசை நன்றாக உயரும். அந்த உயரத்தில் வைத்து அதே அளவு அசிட்டைல்கோலினை விடுங்கள். கோடு விழுவது கண்ணெதிரே தெரியும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று நான் திரும்பத் திரும்பக் கழுவி மூன்று முறை செய்து பார்த்தேன்.

ஐசோபிரினலின் பீட்டா ஏற்பி வழியாக, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைப் பெருக்குகிறது. அதனால் கால்சியம் வாயில்கள் கூடுதலாகத் திறக்கின்றன, செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கும் நன்றாக நிரம்புகிறது. ஜிஐ புரதத்தின் ஆல்பா பகுதி, சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் நொதியையே அடக்குகிறது. ஏறியிருந்தால்தானே இறக்க முடியும்? ஓய்வில் இருக்கும் கீழறைத் தசையில் இறக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இதயத்தைத் தூண்டும் பரிவு நரம்பு ஓங்கி நிற்கும்போது வேகஸின் பிடி இன்னும் பலமாகத் தெரியும் இந்த நிலையை 1971-இல் உடலியல் அறிஞர் மேத்யூ லெவி விரிவாக விளக்கினார். உயிருள்ள உடலில் இன்னொரு தளமும் உண்டு: பரிவு நரம்பின் நுனியிலேயே மஸ்கரினிக் ஏற்பிகள் இருக்கின்றன. அவை அந்த நரம்பு சுரக்கும் நார்அட்ரினலின் வெளிவருவதையே குறைத்துவிடுகின்றன.

தவளையை வைத்துப் பாடம் படித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1921-இல் ஓட்டோ லோவி வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்று காட்டியது தவளை இதயத்தில்தான். தவளையின் கீழறை அசிட்டைல்கோலினுக்கு நேரடியாகவே பணியும். அந்த வரைபடத்தை அப்படியே மனித இதயத்துக்குப் பொருத்தாதீர்கள்.