தூதரக முத்திரை எதுவரை செல்லும்?

கே: துபாயில் வேலை பார்க்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் என் பெயரில் உள்ள மனையை விற்க, ஊரிலிருக்கும் தம்பிக்குப் பவர் எழுதித் தர வேண்டும். லீவு கிடைக்கவில்லை. இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் செல்லுமா?

ப: செல்லும். இந்தியாவில் ஒரு நோட்டரி செய்யக்கூடிய எந்தச் சான்றொப்பத்தையும் இந்தியத் தூதரக அதிகாரி தான் பணிபுரியும் நாட்டில் செய்யலாம் என்கிறது 1948-ஆம் ஆண்டுத் தூதரக அதிகாரிகள் (உறுதிமொழி, கட்டணம்) சட்டத்தின் 3-ஆம் பிரிவு. அவர் முத்திரையையும் கையெழுத்தையும் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசிப்பவரின் பவருக்கு இந்திய கான்சலின் (துணைத் தூதரக அதிகாரியின்) சான்றொப்பத்தைப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவும் ஏற்கிறது.

வாசகத்தை ஊரில் பத்திர எழுத்தரிடம் எழுதி வாங்குங்கள். வெள்ளைத்தாள் போதும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, மூலப்பத்திர எண் எல்லாம் இருக்கட்டும். விற்பது, பணம் பெறுவது, பத்திரம் எழுதிப் பதிவது என ஒவ்வொரு அதிகாரத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எழுதாத அதிகாரம் தம்பிக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, மூலப்பத்திரத்தில் வெறும் இனிஷியல் என்றால், 'என்கிற' போட்டு இரண்டையும் எழுதிவிடுங்கள். பல பவர்கள் சார்பதிவாளர் மேஜையில் சிக்குவது இங்கேதான்.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்பதுதான் அதிகாரி தரும் சான்று. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் எதிரிலேயே கையெழுத்திடுங்கள். சாட்சிகள், போட்டோ, கட்டணம் பற்றி முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தரும் கெடு இது. கணக்கு கையெழுத்திட்ட தேதியிலிருந்து அல்ல, வந்த தேதியிலிருந்து. அதனால் கூரியர் உறையைத் தம்பி தூக்கி எறிய வேண்டாம். கெடு தாண்டினால் அபராதம்.

கே: அமெரிக்காவில் இருக்கிறேன். தூதரகம் வெகுதூரம். உள்ளூர் நோட்டரி போதாதா?

ப: போதும். அப்போதிருந்த சாட்சியச் சட்டம் சொன்ன நோட்டரியில் வெளிநாட்டு நோட்டரியும் அடக்கம் என்று ஜுக்ராஜ் சிங் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வழக்கில், கையெழுத்திட்டவர் இன்னாரென்று தான் உறுதிசெய்துகொண்டதை நோட்டரி குறிப்பிடாததால் முதல் பவர் அடிபட்டது. சரியாக எழுதிய இரண்டாவது பவரே காப்பாற்றியது. ஆகவே வெறும் சீல் போதாது, அந்த வரி வேண்டும். கூடவே அப்போஸ்டில் (ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று பிற நாடுகளுக்காக அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்கிவிட்டால் ஊரில் கேள்வி குறையும். தூதரகத்தில் கையெழுத்திட்ட ஆவணத்துக்கு அப்போஸ்டில் தேவையில்லை. 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையே அவற்றை விலக்கிவிட்டது.

கே: தூதரக சீல் இருந்தால் பவரில் உள்ள சொத்து விவரம் சரிதான் என்று நம்பி வாங்கலாமா?

ப: கூடாது. ஆளையும் கையெழுத்தையும் மட்டுமே அதிகாரி சான்றளிக்கிறார். வில்லங்கமும் பட்டாவும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். அவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் அன்றோடு முடிந்தது.