மடியில் கனம்

கேள்வி: ஐரோப்பாவில் எல்லோருடைய கைபேசிச் செய்திகளையும் சோதிக்கச் சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்கள், அதற்கு ஒரே கூச்சல். நம் ஊரிலும் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யாரென்று வாட்ஸ்அப் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. குழந்தைகளைச் சீரழிக்கிறவனையும் வதந்தி பரப்புகிறவனையும் பிடிக்கத்தானே இதெல்லாம்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?
(வாசகர், நீடாமங்கலம்)

பதில்: மடி என்று சொல்லி வாயைக் கிளறிவிட்டீர்கள். வள்ளுவரைக் கேட்டால் மடி என்பது சோம்பல். 61-ஆம் அதிகாரம் முழுக்க அதைத்தான் திட்டுகிறார். அக்ரஹாரத்துப் பாட்டியைக் கேட்டால், எட்டாத உயரத்துக் கொடியில் கோலால் தள்ளி உலர்த்திய ஒன்பது கஜப் புடவை. விரல் பட்டால் போச்சு. மாட்டுக்காரரைக் கேட்டால் கறக்கிற இடம். நீங்கள் சொல்வது வேட்டியில் காசு முடிகிற மடி.

பழமொழிக்கு 'உண்மைப் பொருள்' கண்டுபிடிக்கிற கோஷ்டியோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய பகை உண்டு. 'ஆயிரம் பேரை' இல்லையாம், 'ஆயிரம் வேரை'யாம். 'மண் குதிரை' இல்லையாம், ஆற்று நடுவே திட்டுப் போட்டிருக்கும் 'மண் குதிர்' ஆம். கொள்ளிடக் கரையில் நின்று சொல்லிப் பார்க்கட்டும். அங்கே குதிரும் இல்லை, குதிரையும் இல்லை. இரண்டையும் லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தோடு போனபோதாவது மணலைப் பற்றி நாலு பேர் யோசிப்பார்கள் என்று பார்த்தால், அதுவும் அந்த வார டீக்கடைப் பேச்சோடு சரி. மணல் என்று ஆரம்பித்தால் இந்தப் பக்கம் தீர்ந்துவிடும், விடுகிறேன்.

இன்று ஒரு நாள் அந்தக் கோஷ்டியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். யாருக்குப் பயம்? நெல் விற்ற காசை முடிந்துகொண்டு இருட்டுகிற நேரத்தில் தனியே நடந்து வருகிறவனுக்கு. எதற்குப் பயம்? திருடனுக்கு. கனம் அவன் பாடுபட்ட காசு. பயப்படுகிறவன் யோக்கியன், பயமுறுத்துகிறவன்தான் அயோக்கியன். இந்தப் பழமொழி எப்போது, யாரால், செக்போஸ்ட் வசனமாக மாறியது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், ஒரு வருடச் சந்தா இலவசம்.

இன்று நீடாமங்கலத்தில் யார் மடியில் கனமில்லை? பேங்க் ஓடிபி, பட்டா நகல், ஆதாரின் முன்பக்கம் பின்பக்கம், பெண்ணின் ஜாதகம், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், நகைக்கடன் ரசீது. எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் கிடக்கின்றன.

ஐரோப்பிய ஆணையம் 2022 மே 11 அன்று கொண்டுவந்த வரைவின் நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்கள் பரவுவதைத் தடுக்க வேண்டும். குறை வழியில் இருக்கிறது. செய்தி பூட்டப்பட்டுப் போகிறது, என்கிரிப்ஷன் என்கிறார்களே அந்தப் பூட்டு. நடுவில் யாரும் திறக்க முடியாது. ஆகவே பூட்டுவதற்கு முன்பே, அனுப்புகிறவர் கைபேசிக்குள்ளேயே சோதித்துவிடுவது என்பது யோசனை. இதன் ஒரு வரைவில், காவல், ராணுவப் பணிக்கான அரசுக் கணக்குகளுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி இருந்தது. தன் மடிக்கு மட்டும் கோல் போட்டு உலர்த்துகிற ஆசாரம். 2025 அக்டோபரில் ஜெர்மனி ஒப்புக்கொள்ள மறுத்தது. அப்போது உறுப்பு நாடுகளின் கவுன்சிலுக்குத் தலைமையில் இருந்த டென்மார்க் கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. நவம்பரில் கட்டாயம் இல்லாத வரைவை அந்தக் கவுன்சில் ஏற்றது. கம்பெனிகள் தாமாக விரும்பிச் சோதிக்கலாம் என்பது அதிலும் இருக்கிறது.

சோதனை எப்படி நடக்கும்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குவியலில் ஒரு கை அள்ளி மீட்டரில் போடுகிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடுப்பார்கள். மழை வருடத்தில் டெல்லிக்கு எழுதி 20, 22 என்று தளர்த்தி வாங்க வேண்டும். மேலாக அள்ளினால் ஒரு கணக்கு, அடியில் அள்ளினால் வேறு கணக்கு. 16.8 காட்டிய அதே குவியல் பனி இறங்கினதும் 17.6 காட்டும். படத்தைச் சோதிக்கிற நிரலும் இப்படி ஒரு மீட்டர்தான். தெரிந்த குற்றப் படங்களுக்கு ஒரு எண் கைரேகை எடுத்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். உங்கள் படத்துக்கும் ஒரு கைரேகை எடுத்து, இரண்டும் 'கிட்டத்தட்ட' ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். அளவை மாற்றி, ஓரம் வெட்டி அனுப்பினாலும் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கிட்டத்தட்ட. குழப்பமும் அங்கேதான் பிறக்கிறது. ஆப்பிள் கம்பெனி 2021 ஆகஸ்டில் இப்படி ஒன்றை அறிவித்தது. 30 படங்களாவது ஒத்துப்போனால்தான் ஆள் பார்ப்பார் என்று பாதுகாப்பும் சொன்னது. சில வாரங்களுக்குள், சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களுக்கு ஒரே கைரேகை வரும்படி வெளியாட்கள் செய்து காட்டினார்கள். 2022 டிசம்பரில் ஆப்பிள் திட்டத்தையே மூடியது.

இத்தனையும் தெரிந்த படங்களுக்கு. புதுப் படத்தைப் பார்த்து இது குற்றமா இல்லையா என்று இயந்திரமே முடிவு செய்வது இன்னும் மோசம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளில் 10 கோடிப் படம், லட்சத்துக்கு ஒன்று தப்பு. தினம் 1,000 குடும்பத்தின் வாசலில் போலீஸ். அமெரிக்காவில் 2021-ல் ஒரு தகப்பன், மருத்துவமனையில் கேட்டார்கள் என்று, நோய்ப்பட்ட மகனைப் படம் எடுத்தார். படம் தானாகக் கூகுள் சேமிப்புக்கும் போயிற்று. கணக்கு முடக்கம், போலீஸ் விசாரணை. குற்றமில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்த பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை.

கொள்முதல் நிலையத்தில் மீட்டர் உங்கள் கண் முன்னால் இருக்கிறது. எண்ணைப் பார்க்கலாம், சண்டை போடலாம், ரோட்டில் கொட்டிக் காயவைத்து நாளைக்கு மறுபடி அளக்கச் சொல்லலாம். அந்தத் தகப்பனை எந்தக் களத்தில் கொட்டிக் காயவைப்பது? இன்னொன்று, நிலையத்துக்கு நெல்லை விற்கக் கொண்டுபோகிறோம், அளக்கட்டும். வீட்டுப் பத்தாயத்தில் மீட்டரைப் பொருத்திவிட்டுப் போவேன் என்றால்?

பொருத்திய மீட்டரை யார் வாசிப்பார்கள் என்பதும் நம் கையில் இல்லை. கிரேக்கத்தில் 2004-05-ல், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த வசதியை யாரோ உள்ளே புகுந்து இயக்கி, பிரதமர் உட்பட சுமார் 100 பேர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024-ல் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிகளில் போலீஸுக்கென்று வைத்திருந்த அதே மாதிரி வாசலுக்குள் சீன ஊடுருவிகள் புகுந்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்க அரசு அதிகாரிகளே, பூட்டுள்ள செயலியில் பேசுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. வழிப்பறிக்காரன் வேலியைத் தாண்டி வரவில்லை, அரசு வைத்த கேட்டைத் திறந்துகொண்டு வந்தான்.

நம் ஊர் விதி 2021 பிப்ரவரி 25 அன்று வந்தது. 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள செய்திச் செயலி, கேட்டால் முதல் ஆளைக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் இங்கிருந்து போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் சொன்னது. விதிக்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த வாதம் நடந்தது. ஒவ்வொரு செய்தியோடும் முதலில் எழுதியவர் அடையாளத்தைக் கட்டி அனுப்பலாம் என்றார் சென்னை ஐஐடியின் காமகோடி. மாற்றியமைத்த செயலியை வைத்திருப்பவன் அடுத்தவன் எண்ணைக் கட்டி அனுப்பிவிடுவான் என்றார் மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன். என் ஓட்டு மும்பைக்கு. வதந்தியைக் கிளப்புகிறவன் தன் அடையாளத்தைக் கட்டமாட்டான். கட்டியபடி மாட்டுவது, 'யாரோ அனுப்பினது, எதற்கும் ஜாக்கிரதை' என்று எழுதித் தள்ளிவிட்ட ரிட்டயர்டு வாத்தியார்.

குற்றவாளியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருவர் போனை ஒட்டுக்கேட்க வேண்டுமா? ஒரு எண், ஒரு காரணம், உள்துறைச் செயலரின் ஒரு கையெழுத்து. 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள். 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வந்த ஒழுங்கு இது. சரிபார்க்கிற குழுவிலும் அதிகாரிகளேதான், நீதிபதி கிடையாது என்பது என் பழைய புலம்பல். ஆனாலும் ஆளைக் குறித்துத் தேடுவது அது. ஊரையே சலிப்பது வேறு. தபாலைப் பிரிக்க அரசுக்கு அகல அதிகாரம் கொடுத்த 1986 மசோதா இரு அவையிலும் நிறைவேறியும் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார். 2002-ல் அதை வாபஸ் வாங்கினார்கள். 2023 தபால் சட்டத்தில் அந்த அதிகாரம் 9-ஆம் பிரிவாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு கூச்சலும் இல்லை. போஸ்ட் கார்டு எழுதினால்தானே கூச்சல் போட.

மடியை முடிய வழி கேட்டால்: செய்தி பூட்டோடு போனாலும் பேக்கப் தானாகப் பூட்டிக்கொள்வதில்லை. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், அதற்குள் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப். அதை ஆன் செய்யுங்கள். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்க எண் வையுங்கள், பிறந்த தேதி வேண்டாம். லிங்க்டு டிவைசஸில் நீங்கள் போன வருடம் பிரிண்ட் எடுத்த ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கலாம், இருந்தால் லாக் அவுட் செய்யுங்கள். வருகிற படமெல்லாம் கேலரிக்குப் போகாமலிருக்க மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிடுங்கள். பேக்கப்புக்கு 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்தால் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.