கேள்வி-பதில்: ஒரு முனையை மட்டும் பூட்டாதீர்கள்

ஈதர்நெட் டிரைவர், அதாவது நெட்வொர்க் சிப்பை இயக்கும் மென்பொருள், எழுதுவோர் கேட்ட கேள்விகள் இவை. இம்முறை வந்த கடிதங்களில் பாதியில் எந்தச் சிப், எந்தக் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) என்ற விவரமே இல்லை. அவற்றை ஒதுக்கிவிட்டேன். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ஒன்றை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

கிகாபிட்டில் எங்கள் போர்டு நன்றாக ஓடுகிறது. பழைய 100 மெகாபிட் ஸ்விட்சில் செருகினால் பாக்கெட்டுகள் உள்ளே வருகின்றன, வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. லிங்க் விளக்கு எரிகிறது. (பொறியியல் மாணவர், திருப்பரங்குன்றம்)

இப்படி எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வது சுகம். பாதி விடை கேள்வியிலேயே இருக்கிறது. கம்பியோடு பேசும் சிப் ஃபை; ஃப்ரேம்களை (தரவுப் பொட்டலங்களை) அதற்குக் கொடுத்து வாங்கும் பகுதி மேக். இரண்டையும் இணைக்கும் ஆர்ஜிஎம்ஐஐ இணைப்பில் வாங்கும் திசைக்கான கடிகாரத் துடிப்பை ஃபை தருகிறது. அனுப்பும் திசைக்கு மேக்தான் தர வேண்டும்: கிகாபிட்டுக்கு 125 மெகாஹெர்ட்ஸ், 100-க்கு 25, 10-க்கு 2.5. லிங்க் வேகம் மாறும்போது அழைக்கப்படும் அட்ஜஸ்ட்-லிங்க் ஃபங்ஷனில் மேக்கின் வேக பிட்டை மாற்றியிருப்பீர்கள், டிஎக்ஸ் (அனுப்பும் திசை) கடிகாரத்தை 125-லேயே விட்டிருப்பீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றுங்கள். 10 மெகாபிட்டிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். யாரும் அதைச் செய்வதில்லை. விளக்கு எரிவது ஃபையின் சமாசாரம், அதை நம்பாதீர்கள்.

நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது. டிரைவரில் என்ன மாற்ற வேண்டும்? (வடபழஞ்சி)

முதலில் கேள்வியை மாற்ற வேண்டும்.

எங்கள் கட்டுப்பாட்டு போர்டின் டிரைவரில் 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது) என்று நிலையாக எழுதிவிட்டோம். பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) அருமையாகப் போகிறது. பெரிய கோப்பு அனுப்பினால் ஊர்கிறது. ஸ்விட்ச் பழுதா? (கப்பலூர் தொழிற்பேட்டை)

ஸ்விட்ச் பாவம், அதை விட்டுவிடுங்கள். இதே கதையை எத்தனை தொழிற்சாலைகளில் பார்த்துவிட்டேன்! ஓரிடத்தில் ஸ்விட்சை இரண்டு முறை மாற்றி, தரைக்கடியில் புதுக் கேபிள் இழுத்து, கடைசியில் மின்சாரத்தின் மேல் பழி போட்டார்கள். டிரைவரில் இருந்த அந்த ஒற்றை வரியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

நடப்பது இதுதான். இரு முனையும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாமே பேசி முடிவுசெய்வது ஆட்டோ நெகோஷியேஷன். நீங்கள் அதை அணைத்துவிட்டீர்கள். ஸ்விட்ச் இன்னும் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. கம்பியில் வரும் சிக்னலைப் பார்த்து வேகம் 100 என்று அது தெரிந்துகொள்ளும். டூப்ளெக்ஸ் என்ன என்பதைச் சிக்னலிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. அப்படிப்பட்ட நிலையில் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது) என்று வைத்துக்கொள்ளச் சொல்வது தரநிலையே. ஸ்விட்ச் சொன்னபடி நடக்கிறது. இப்போது உங்கள் போர்டு நினைத்த நேரத்தில் அனுப்பும். ஸ்விட்ச் அதை மோதல் என்று எண்ணித் தன் ஃப்ரேமைப் பாதியில் கைவிடும். அந்தப் பக்கம் லேட் கொலிஷன் (தாமத மோதல்) எண்ணிக்கை ஏறும், உங்கள் பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்த ஃப்ரேம்) எண்ணிக்கை ஏறும். பிங்கில் ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேசுகிறார், அதனால் மோதல் அரிது. கோப்பு போகும்போது தரவும் ஒப்புதலும் எதிரெதிரே ஓடுகின்றன. பிங் போகிறது என்பதை ஒரு சான்றாக என்னிடம் கொண்டுவராதீர்கள்.

வேகத்தைப் பூட்டும் வழக்கம் தொண்ணூறுகளில் வந்தது. 1995-இல் 100 மெகாபிட் தரநிலையோடு ஆட்டோ நெகோஷியேஷன் வந்த புதிதில் சில சிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அப்போது அதற்கு நியாயம் இருந்தது. இன்றைக்குக் கிகாபிட் செப்புக் கம்பியில் ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். ஆனாலும் மூத்தவர் சொன்னார் என்று இளைஞர்கள் இன்னும் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

100-க்கு மேல் போகக்கூடாது என்றால் நெகோஷியேஷனை இயக்கத்திலேயே வைத்து, 100 ஃபுல் ஒன்றை மட்டும் அறிவியுங்கள். ஃபையின் 4-ஆம் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் அமைப்புகளை எழுதும் இடம்) அதற்குத்தான் இருக்கிறது. எதிர்முனை நெகோஷியேஷன் பேசுகிறதா என்று அறிய 6-ஆம் ரெஜிஸ்டரின் கடைசி பிட்டை (பிட் 0) பாருங்கள். அதன் மதிப்பு 0 என்றால் பேசவில்லை, எதிரே யாரோ பூட்டியிருக்கிறார்கள். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரு முனையையும் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் பூட்டாதீர்கள்.

பாக்கெட்டுகள் விழுகின்றன. ஆர்எக்ஸ் ரிங்கை (வரும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசையை) 256-லிருந்து 4096 ஆக்கினால் தீருமா? (மேலூர்)

திடீர் வெள்ளத்துக்குத் தீரும், நிரந்தர வரத்துக்குத் தீராது. கிகாபிட்டில் மிகச்சிறிய ஃப்ரேம்கள் நொடிக்குச் சுமார் 15 லட்சம் வரும். உங்கள் சிபியு 5 லட்சம்தான் செரிக்கும் என்றால் 4096 இடமும் சில மில்லி நொடிகளில் நிரம்பிவிடும். கண்மாய்க் கரையை உயர்த்துவதால் மடை அகலமாகிவிடாது. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு இன்டர்ரப்ட் (சிபியுவை இடைமறிக்கும் அழைப்பு) என்று எழுதியிருந்தால் முதலில், ஒரே அழைப்பில் பல பாக்கெட்டுகளை அள்ளும் நாப்பி முறைக்கு மாறுங்கள். 'சற்று நிறுத்து' என்று எதிர்முனைக்குச் சொல்லும் பாஸ் ஃப்ரேம் அனுப்பலாம். ஆனால் அது நெரிசலை ஸ்விட்சுக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எதைச் செய்தாலும் ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளை காட்டும் எண்ணிக்கைகளை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே டிரைவர், அனுப்பும் வரிசையில் அதே 1024 டிஎக்ஸ் இடங்கள். கிகாபிட்டில் பிரச்சினை இல்லை, 100-இல் குரல் அழைப்பு தடுமாறுகிறது. (மதுரை)

நல்ல கேள்வி. 1024 இடமும் 1500 பைட் பாக்கெட்டுகளால் நிறைந்தால் 15 லட்சம் பைட். கிகாபிட்டில் அது வடிய 12 மில்லி நொடி, 100-இல் 120, 10-இல் ஒரு நொடிக்கும் மேல். குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. இடங்களை எண்ணாமல் பைட்டுகளை எண்ணும் பிக்யூஎல் வசதி 2012-இல் லினக்ஸ் 3.3-இலேயே வந்துவிட்டது; டிரைவரில் சில வரிகள்தான். அனுப்பியதைச் சொல்லும் இடத்திலும் முடிந்ததைச் சொல்லும் இடத்திலும் ஒரே பைட் கணக்கைக் கொடுங்கள், இல்லையேல் வரிசை நின்றுபோகும்.

யுஎஸ்பி 2.0 கிகாபிட் அடாப்டரில் 300 சொச்சத்துக்கு மேல் ஏறவில்லை. டிரைவர் குறையா? (உசிலம்பட்டி)

இல்லை. யுஎஸ்பி 2.0-இன் காகிதக் கணக்கே 480 மெகாபிட்தான்.

கிகாபிட் போர்டு, கிகாபிட் ஸ்விட்ச், ஆனால் எப்போதும் 100-இல்தான் நிற்கிறது. மூன்று நாளாக டிரைவரைத் துருவிக்கொண்டிருக்கிறேன். (திருமங்கலம்)

100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கேபிளை மாற்றிவிட்டு எழுதுங்கள்.