பேக் எடுத்த தண்ணீரும் தொண்டையில் இறங்கிய தண்ணீரும்: வயிற்று டயாலிசிஸ் தொடங்கிய நீலகிரிக் குடும்பங்களுக்குப் பதில்கள்

கோவையில் சிறுநீரகப் பிரிவில் இருபத்தாறு வருடம் செவிலியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல், சிஏபிடி (குழாய் வழியாக வயிற்றுக்குள் பேக் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ்) தொடங்குபவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பேக் மாற்றக் கற்றுக்கொடுத்த வருடங்கள். இப்போது கோத்தகிரியில் ஓய்வில் இருக்கிறேன். தண்ணீர் அளவைப் பற்றி இங்கே சுற்றுவட்டாரத்தில் பலர் கேட்டவற்றுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். பேக்கின் பலத்தையும் மாத்திரை அளவையும் மாற்றுவது உங்கள் டாக்டரின் வேலை. அவர் முடிவெடுக்கத் தேவையான கணக்கைச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலை.

கேள்வி (கேத்தி): அப்பாவுக்குப் போன மாதம்தான் பேக் ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டில் ரத்த டயாலிசிஸ் செய்கிறவர் நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிப்பதில்லை. அப்பாவுக்கும் அதே அளவுதானா?

இல்லைம்மா. அவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் தண்ணீர் வெளியேறுகிறது. உங்கள் அப்பாவுக்குத் தினமும் நாலு முறை வெளியேறுகிறது. அவர் அளவை இவருக்குப் போடக்கூடாது.

பொதுவான கணக்கு இதுதான். நேற்று போன சிறுநீர், நேற்று பேக் கூடுதலாக எடுத்த தண்ணீர் (உள்ளே விட்டதைவிட எவ்வளவு கூட வெளியே வந்ததோ அது), இரண்டையும் கூட்டுங்கள். அதோடு 500 மி.லி. சேர்த்தால் வரும் அளவு இன்று குடிக்கலாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். நாலு பேக்கில் 200, 150, 300 கூடுதலாக வந்து, ராத்திரி பேக்கில் 100 குறைந்தால் மொத்தம் 550. சிறுநீர் 600. ஆக 1,150, அதோடு 500. இதில் ரசம், கஞ்சி, மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். கால் வீங்கியிருந்தாலோ பிரஷர் ஏறியிருந்தாலோ அந்த 500-ஐ டாக்டர் குறைப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் "ஒரு லிட்டர்" என்று ஒரே அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவருக்குச் சிறுநீரே நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நான் சொன்னதை அப்படியே கேட்டு, மூன்றாம் வாரம் எழுந்து நிற்கமுடியாமல் தலைசுற்றி வந்து படுத்தார். அதன்பின் அவர் சிறுநீர் பாதிக்கு மேல் குறைந்துபோனது, திரும்ப வரவேயில்லை. அதிலிருந்து நோட்டைப் பார்க்காமல் யாருக்கும் அளவு சொல்வதில்லை.

கேள்வி (அருவங்காடு): நாங்கள் தினமும் எழுதுகிறோம் சிஸ்டர். பேக் 700, 800 கூடுதலாக எடுக்கிறது என்று வருகிறது. ஆனால் கால் வீக்கம் வற்றவே இல்லை. ஏன்?

நிரம்பிய பையைத் தூக்குத் தராசில் மாட்டி, வந்த எடையிலிருந்து 2 கிலோவைக் கழிக்கிறீர்கள், சரிதானே? அங்கேதான் தப்பு. பேக்கில் 2 லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், குழாயை அலசிவிடுவதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே அடைத்திருப்பார்கள். அந்த அலசல் தண்ணீர் வெளியேறும் பையில் போய் விழுகிறது. பிளாஸ்டிக்கின் எடை வேறு. ஒரு பேக்குக்கு 100, 150 என்று பொய்க்கணக்கு ஏறினால் நாலு பேக்கில் அரை லிட்டர் ஆகிவிடும். அதை நம்பி அரை லிட்டர் கூடுதலாகக் குடித்தால் கால் எப்படி வற்றும்?

இப்படிச் செய்யுங்கள். மேலுறையைப் பிரித்ததும் புதுப் பை, குழாய், காலிப் பை மூன்றையும் சேர்த்து மாட்டி எடை பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் (பழையதை வடித்துப் புதியதை உள்ளே விடுவது) முடிந்து கழற்றியதும் அதே செட்டை முழுதாக மாட்டி மறுபடி பாருங்கள். முன்னால் 2 கிலோ 300, பின்னால் 2 கிலோ 550 என்றால் 250 மி.லி. கூடுதலாக வந்திருக்கிறது. 2 கிலோ 200 என்று குறைந்தால் உடம்பு 100 மி.லி.யை உறிஞ்சிவிட்டது, முன்னால் கழித்தல் குறி போட்டு எழுதுங்கள். அலசல் தண்ணீரும் பிளாஸ்டிக்கும் இரண்டு தடவையும் தராசில் இருப்பதால் கணக்கில் வராது. நாலையும் கூட்டினால் அதுதான் அன்றைய உண்மைக் கணக்கு.

கேள்வி (குன்னூர்): அண்ணன் டீ பிரியர். "கூடக் குடித்தால் ராத்திரி 4.25 பேக் போட்டு இழுத்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேக் தண்ணீரை இழுப்பது சர்க்கரையால். பேக்கில் இருக்கும் எண் சர்க்கரையின் சதவீதம். 1.5 பேக் 2 லிட்டரில் 30 கிராம் குளுக்கோஸ், 2.5-இல் 50 கிராம், 4.25-இல் 85 கிராம். வயிற்று உறைக்கு (வயிற்றின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு) பேக் தண்ணீர் இருக்கும் பக்கம் சர்க்கரை அடர்த்தி கூடும்போது ரத்தத்திலிருந்து தண்ணீர் அங்கே வருகிறது. ஆனால் சர்க்கரையும் சும்மா உட்கார்ந்திருக்காது. மெல்ல ரத்தத்துக்குள் போகும். அதில் பெரும்பகுதி உடம்பில்தான் சேர்கிறது. சுகர் உள்ளவருக்கு அளவு ஏறும், ஏறினால் தாகம் எடுக்கும், தாகத்துக்கு இன்னொரு டம்ளர் போகும். இழுப்பதற்காகப் போட்ட பேக்கே குடிக்க வைத்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் வயிற்று உறை. வருடக்கணக்கில் பலமான சர்க்கரைத் தண்ணீரிலேயே ஊறினால் அது மாறிப்போகும், சர்க்கரையை வேகமாக உறிஞ்ச ஆரம்பிக்கும், தண்ணீர் எடுக்கும் திறன் குறையும். அந்த உறை ஒன்றுதான் இருக்கிறது. 4.25 பேக் உண்மையாகவே ஒருநாள் தேவைப்படும், மூச்சு முட்டி வரும் நாளில். அன்றைக்கு அது வேலை செய்ய வேண்டுமென்றால் இன்று டீக்காக அதைச் செலவழிக்கக் கூடாது. டாக்டர் சொன்ன நாளில், சொன்ன எண்ணிக்கையில் மட்டும் போடுங்கள். பேக்கை நிறம் பார்த்து எடுக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். எண்ணைப் படியுங்கள்.

கேள்வி (கூடலூர்): பாட்டி சிலோனிலிருந்து வந்த தோட்டக் குடும்பம். தேத்தண்ணி இல்லாமல் இருக்கமாட்டார். இந்துப்புதான் போடுகிறோம், ஆனாலும் தாகம் தாகம் என்கிறார்.

இந்துப்பும் உப்புதான் கண்ணு. கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு மூன்றிலும் சோடியம்தான். உடம்பில் தங்கும் சுமார் 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர்க் குடத்தைப் பார்ப்பதற்கு முன் உப்பு டப்பாவைப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கை ஒரே வேளையில் தாண்டிவிடும். டீயில் தொட்டுக்கொள்ளும் வர்க்கியிலும் உப்பு உண்டு. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், அது இதயத்துக்கு ஆபத்து. பாட்டிக்குச் சமையலில் புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லி வாசனையை ஏற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகும், தாகமும் தணியும்.

டம்ளரையும் அளந்து பாருங்கள். போன வாரம் ஒரு லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), "அரை டம்ளர்தான் குடிக்கிறேன்" என்று ஒரு அம்மா சொன்னார். அந்த எவர்சில்வர் டம்ளரில் அவர் குடிக்கும் மட்டம்வரை தண்ணீர் ஊற்றி, மருந்துக்கடை அளவுக் குவளையில் கவிழ்த்தேன். 180 மி.லி. நாளைக்கு ஆறு தடவை என்றால் டீ மட்டுமே ஒரு லிட்டரைத் தாண்டுகிறது. சின்னக் காபி டம்ளராக மாற்றிவிட்டு வந்தேன். ஆறு தடவை அப்படியே இருக்கட்டும், டம்ளர் 80 மி.லி.யாக இருக்கட்டும்.

கேள்வி (ஊட்டி): ஜனவரிக் குளிரில் பேக்கை எப்படிச் சூடாக்குவது? அம்மா வெந்நீரில் போடுகிறார்.

வெந்நீர் வேண்டாம். தண்ணீர் படும் இடத்தில் கிருமி தங்கும், இணைப்பில் ஒரு சொட்டு ஈரம் போதும். விறகடுப்புப் பக்கத்திலும், மைக்ரோவேவிலும் வேண்டாம். ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் சில்லென்று இருக்கும். மேலுறையைப் பிரிக்காமல் மின்சார ஹீட்டிங் பேடின் மேல் வைத்து, கம்பளி சுற்றுங்கள். உடம்புச் சூடுதான் அளவு. மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. சில்லென்று உள்ளே போனால் நடுக்கமும் வயிற்றுப் பிடிப்பும் வரும்.

இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், வெயில் காலத்திலும் பெரிதாக வியர்க்காது. சமவெளிக்காரர்களுக்கு வியர்வையில் போகும் தண்ணீர் உங்களுக்குப் போகாது. கோவையில் இருக்கும் சொந்தக்காரர் குடிக்கும் அளவைப் பார்த்துக் குடிக்காதீர்கள்.

கேள்வி (ஊட்டி, இன்னொருவர்): ஏப்ரலில் மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறேன். ஏதாவது மாற்ற வேண்டுமா?

மாறும் ஐயா. மலை இறங்கியதும் வியர்க்கும். இதே பேக், இதே தண்ணீர் என்றால் நாலைந்து நாளில் எடை இறங்கி, காலில் பிடிப்பு, எழுந்தால் தலைசுற்றல் வரலாம். போகுமுன் டாக்டரிடம் சொல்லி, எடை எவ்வளவு குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாந்தி, பேதி வந்தாலும் இதே கதைதான். அன்று பலமான பேக்கைப் போடாமல் முதலில் போன் செய்யுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): எடை எப்படிப் பார்ப்பது? ஒருநாள் 54, மறுநாள் 56 என்கிறது.

வயிற்றில் 2 லிட்டர் இருந்தால் 2 கிலோ ஏறும். ஒருநாள் உள்ளே வைத்தும் ஒருநாள் வடித்தும் பார்த்திருப்பீர்கள். தினமும் காலையில், சிறுநீர் போனபின், சாப்பிடுமுன், ஒரே நிலையில் பாருங்கள். ஸ்வெட்டரும் சால்வையும் இல்லாமல். இந்த ஊரில் உடுப்பே ஒரு கிலோ வரும். இரண்டு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது தண்ணீர். இரண்டு மூன்று மாதத்தில் மெல்ல ஏறினால் பசி திரும்பி உடம்பு தேறியதாகவும் இருக்கலாம், அப்போது டிரை வெயிட்டை (கூடுதல் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டிய எடை) டாக்டர் மாற்றுவார். சதை கரைந்து அந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்தால் எடை மாறாமலே இருக்கும். அதனால் கணுக்காலையும் அழுத்திப் பாருங்கள், பிரஷரையும் எழுதுங்கள்.

கேள்வி (பந்தலூர்): இன்னும் 700 மி.லி. சிறுநீர் போகிறது. பேக் போட்டபின் அது முக்கியமா?

மிக முக்கியம். பேக் ஒருபக்கம் எடுக்க, உங்கள் சிறுநீரகம் இன்னொரு பக்கம் உப்பையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், என்ன கலந்தது என்று தெரியாத நாட்டு மருந்தும் வேண்டாம். ஸ்கேனுக்கு ஊசி மருந்து போடுவதாக இருந்தால் "எனக்குச் சிறுநீர் போகிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள்.

கேள்வி (குன்னூர்): ராத்திரிப் பேக் எப்போதும் குறைவாகவே வருகிறது.

எட்டு ஒன்பது மணி நேரம் உள்ளே கிடந்தால் சர்க்கரை தீர்ந்து தண்ணீர் திரும்பிப் போய்விடும். சிலரின் உறை வேகமாக உறிஞ்சும் வகை. பெட் பரிசோதனையில் (உறை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பார்க்கும் பரிசோதனை, ஸ்கேன் அல்ல) அது தெரியும். நேரத்தைக் குறைப்பதா, ஐகோடெக்ஸ்ட்ரின் பேக் (மெல்ல உறிஞ்சப்படும் வேறு வகைச் சர்க்கரை உள்ளது) கொடுப்பதா என்று டாக்டர் பார்ப்பார். ஐகோடெக்ஸ்ட்ரின் போட்டால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மீட்டர் சரிப்படுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எல்லாப் பேக்கும் திடீரென்று குறைந்தால் வேறு விஷயம். முதலில் மலச்சிக்கலைப் பாருங்கள். குடல் நிரம்பினால் குழாய் அடைபடும், மலம் இளகினால் பல பேருக்கு அதிலேயே சரியாகும். விரைப்பையோ அடிவயிற்றின் ஒரு பக்கமோ வீங்கினால், தண்ணீர் உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். அன்றே காட்டுங்கள்.

கேள்வி (கேத்தி): வெளியே வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. வலி இல்லை. நாளை போகலாமா?

இன்றே, இப்போதே போங்கள். பையின் பின்னால் செய்தித்தாளை வைத்து எழுத்துப் படிக்க முடியவில்லை என்றால் தொற்றாக இருக்கும், வலியும் காய்ச்சலும் பின்னால் வரலாம். அந்தப் பையைக் கொட்டாமல் கையோடு கொண்டுபோங்கள், பரிசோதனைக்கு வேண்டும். தொற்று நேரத்தில் உறை சர்க்கரையை வேகமாக உறிஞ்சுவதால் வீக்கமும் ஏறும், அதையும் சொல்லுங்கள்.

கேள்வி (பர்லியார்): மழையில் சாலை அடைத்தால் பேக் வராது. எவ்வளவு இருப்பு வைக்கலாம்?

நாளைக்கு நாலு என்றால் மாதத்துக்கு 120 பேக், எடை 240 கிலோவுக்கு மேல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பேக்கை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் பதிந்திருக்கிறதா என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஐப்பசி பிறக்குமுன் பத்து நாளைக்குக் கூடுதலாக 40 பேக் கையில் இருக்கட்டும். ஓதமேறும் சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் பலகை போட்டு அடுக்குங்கள். பழைய தேதியை முன்னால் வையுங்கள். ராத்திரி மெஷினில் போடுகிறவர்கள் கையால் மாற்றும் பேக்கும் பத்து வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகும் ராத்திரிக்கு அது வேண்டும்.