கிக்கில் ஊசி துள்ளுகிறதா? லிமிட்டரைத் தொடாதீர்கள்

உங்கள் வினைல் இசைத்தட்டின் சோதனைத் தட்டில் கிக் (டிரம்மின் கனத்த அடி) விழும்போது ஊசி துள்ளுகிறது, பக்கக் கடைசியில் ஹை-ஹாட் (டிரம் செட்டின் சிறு தாளத்தட்டு) கரகரக்கிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு; லிமிட்டர் (ஒலியின் உச்சத்தை அடக்கும் கருவி) இரண்டுக்கும் மருந்தல்ல.

துள்ளலுக்குக் காரணம், பெரும்பாலும் கிக்குக்குப் பின்னால் ரிவெர்ப் (எதிரொலி விளைவு) போட்டு உருவாக்கிய அந்த உறுமல்தான். தாழ்ந்த அலைகள் இடமும் வலமும் எதிரெதிராகப் போனால் பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்படும். ஆழம் குறையும் இடத்தில் ஊசி நிற்காது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோ (இடமும் வலமும் ஒரே ஒலி) ஆக்குங்கள். உறுமல் தடத்தில் மட்டும் செய்தால் போதாது. டிஸ்டார்ஷன் போட்டுக் கரடாக்கிய டிரோனிலும் (விடாமல் நீளும் ஒலி) இதே வம்பு இருக்கும். மாஸ்டரில் (இறுதி ஒலிக்கலவையில்) கோரிலேஷன் மீட்டர் (இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் அளவி) பூஜ்யத்துக்குக் கீழே இறங்கக்கூடாது.

கரகரப்புக்கு: 12 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில், பக்கத்துக்கு 14 நிமிடம் ரொம்ப அதிகம். 10-க்குள் அடக்குங்கள். ஹாட் குறைந்த பாட்டைக் கடைசியில் வையுங்கள்.